கால் வைத்தவர் டீ கொண்டுவர வேண்டும்

எங்கள் சைக்கிள் குழுவுக்குச் சட்டதிட்டம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஹெல்மெட் போட வேண்டும், ஹைவேயில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு கதை பேசக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் ஏலகிரி மலைக்கு மட்டும் தனிச் சட்டம் உண்டு. பொன்னேரி அடிவாரத்தில் பெடலில் வைத்த காலை மேலே போய்ச் சேரும்வரை தரையில் வைக்கக் கூடாது. வைத்தால் குற்றம் ஒன்றும் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறலாம். மேலே போனதும் கடைசி வளைவைத் தாண்டி இருக்கும் டீக்கடையில், கால் வைத்தவர் டீ வாங்கி, கால் வைக்காதவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். டாக்டராக இருந்தாலும் சரி, தோல் பதனிடுகிற டேனரிக்கு முதலாளியாக இருந்தாலும் சரி, தட்டைத் தூக்கியே ஆக வேண்டும்.

முதல்முறை ஏறியபோது பாதி மலையில் நான் காலை வைத்துவிட்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, வார்டில் யாருக்காவது அப்படி அடித்திருந்தால் ஈசிஜி எடுத்திருப்பேன். எப்படியோ மேலே போய்ச் சேர்ந்து, சைக்கிளைச் சாய்த்துவிட்டு நேராக டீக்கடைக்குப் போனேன். குழுவை நடத்துகிற வங்கி மேலாளர் எழுந்து ஓடி வந்தார்.

"சிஸ்டர், நீங்க உக்காருங்க. உங்களுக்கு இந்த ரூல்லாம் வேணாம்."

"ஆமா சிஸ்டர், நீங்க இவ்ளோ தூரம் வந்ததே பெருசு" என்றார் இன்னொருவர், ஒரு டேனரியில் கெமிஸ்டாக இருப்பவர். அவரே வழியில் இரண்டு இடத்தில் கால் வைத்தவர். அவர்தான் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த டீ எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. கெட்டவர்களாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். எல்லாரும் நல்ல மனிதர்கள், அதுதான் கஷ்டம். குழுவில் நான் ஒருத்திதான் பெண். மற்றவர்கள் எல்லாருக்கும் ஒரு சட்டம், எனக்கு மட்டும் ஒரு சலுகை. திரும்பி இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். ஒன்று, கால் வைக்காமல் ஏறி, உட்கார்ந்த இடத்தில் டீ குடிக்க வேண்டும். இல்லையென்றால் மற்றவர்களைப் போல நானும் தட்டைத் தூக்க வேண்டும். நடுவில் இந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம்.

நான் ஆம்பூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். சைக்கிள் வந்த கதை சின்னதுதான். சுகர் நோயாளிகளுக்கு நட, ஓடு, உடம்பை அசை என்று தினமும் பாடம் எடுக்கிற எனக்கே சுகர் எல்லையைத் தொட்டுவிட்டது. எங்கள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, நான் நோயாளிகளிடம் பேசுகிற அதே குரலில், அதே வார்த்தைகளை எனக்குச் சொல்லிக் காட்டினார். மானம் போயிற்று. அந்த மாதமே கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினேன்.

எங்கள் ஊரில் சைக்கிள் புதிதல்ல. காலை ஷிஃப்டுக்கு டேனரிகளுக்குப் போகிறவர்கள், கேரியரில் சோற்று டப்பாவைக் கட்டிக்கொண்டு சாரி சாரியாகப் போவார்கள். அவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாற்பது தாண்டிய நர்ஸ் ஒருத்தி ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனால் மட்டும் ஊருக்கே வேலை நின்றுவிடும். "இன்னா சிஸ்டர், வண்டி ரிப்பேரா?" என்று கேட்காத ஆள் இல்லை. பெட்ரோல் விலையைக் கேட்டு அனுதாபப்பட்டவர்களும் உண்டு. பைபாஸ் பக்கம் பிரியாணிக் கடை வைத்திருக்கும் பாய் மட்டும் உண்மையாகவே கவலைப்பட்டார். "இந்த ரோட்ல லாரி ஜாஸ்தி சிஸ்டர். எதுனா ஒண்ணு ஆய்ட்டா பேஜாரு. ஓரமாப் போங்க." இன்றைக்கும் என்னைக் கண்டால் கையால் ஓரம், ஓரம் என்று காட்டுவார். குழு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஓட்டும் என்பதால் நான் காலை ஆராதனையை விட்டுவிட்டு மாலை ஆராதனைக்குப் போக ஆரம்பித்தேன். அதைக் கவனித்த எங்கள் சர்ச் பாஸ்டர் ஐயர், வாசலில் கை குலுக்கும்போது சொன்னார். "பரலோகத்துக்கும் சைக்கிள்லயே போய்டுவீங்க போலருக்குதே."

மாலை நேரங்களில் போனில் சைக்கிள் வீடியோ பார்க்கிற வியாதியும் தொற்றிக்கொண்டது. ஐரோப்பாவில் மலைமேல் நடக்கும் பந்தயங்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனங்கள் நின்று மாட்டு மணியை ஆட்டிக் கத்துகிறார்கள். ஏறுகிறவனின் பெயரை ரோட்டிலேயே பெயின்டால் எழுதி வைக்கிறார்கள். இன்னொரு பக்கம் ஹாலந்தில் கோட்டு போட்ட அம்மாக்கள், முன்னால் ஒரு பெட்டியில் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு, மழையில் நிதானமாக ஓட்டிப் போகிறார்கள். என் கணவர் வேலை செய்யும் ஷூ ஃபேக்டரிக்கு ஆர்டர் கொடுக்க வந்த ஹாலந்து பையர் அம்மாவிடம் அவர் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா சிரித்துவிட்டு, எங்கள் ஊரில் சைக்கிள் ஓட்டுவதற்கென்று யாரும் தனியாக எதையும் போட்டுக்கொள்வதில்லை, எழுந்து அப்படியே போவோம் என்றாளாம். சொல்வாள். அவள் ஊரில் ஏலகிரி இல்லை.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஷூ ஃபேக்டரியில் சாம்பிள் ரூம் இன்சார்ஜ். வெளிநாட்டுக்காரர்கள் படம் அனுப்பினால், முதல் ஜோடியைச் செய்து காட்டுகிற இடம் அது. அவர் மனிதர்களை முகத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, காலில் போட்டிருப்பதை வைத்துத்தான். எங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால்கூட யார் யார் என்ன செருப்பு போட்டு வந்தார்கள் என்று சொல்வார். நான் பந்தயம் பார்க்கும்போது அவரும் பக்கத்தில் உட்காருவார். மலையையும் பார்க்க மாட்டார், ஆளையும் பார்க்க மாட்டார். "அந்த மஞ்ச ஷூ ஸ்டிச்சிங் பாத்தியா?" என்பார்.

மலை ஏற முதலில் தேவை ஷூ என்று குழுவில் சொன்னார்கள். சைக்கிள் ஷூவின் அடியில் கிளீட் என்று ஒரு கட்டை இருக்கும். அது பெடலில் டக்கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். கால் பெடலோடு சேர்ந்துவிடுவதால் மிதிக்கிற பலம் வீணாகாது. ஆன்லைனில் வெளிநாட்டு ஷூ ஒன்றை வாங்கினேன். வருஷக்கணக்காக வார்டில் நின்று நின்று என் கால் அகலமாகிவிட்டது. அந்த ஷூவோ மீன் மாதிரி ஒல்லி. வாணியம்பாடி தாண்டுவதற்குள் விரல்கள் மரத்துவிடும்.

என் கணவர் அந்த ஷூவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்னாலும் பின்னாலும் பிடித்து வளைத்தார். அது வளையவில்லை. மறுபடி வளைத்தார்.

"இன்னாம்மா இது, பலக மாதிரி இருக்குது? இத எவன் பாஸ் பண்ணான்?"

"வெளிநாட்டு சரக்குங்க."

"அதுக்கு? விடு, நான் உனக்குப் பண்ணித் தர்றேன்."

அன்றைக்கே பேப்பரில் என் காலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். இத்தனை வருஷத்தில் என் காலை அவர் அவ்வளவு கவனமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்றேன். காதில் வாங்காத மாதிரி இருந்தார். மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, மிச்சம் விழுந்த தோலில், வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து செய்தார். மெத்தென்ற கருநீலத் தோல். உள்ளே விரல்கள் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம், அவ்வளவு இடம். கிளீட்டை வெளிநாட்டு ஷூவிலிருந்து கழற்றி இதில் முடுக்கினார். அடிப்பாகம் கையில் எடுத்தாலே குழைந்தது. சாம்பிள் ரூமில் அதை ஒவ்வொருவராக வாங்கி வளைத்துப் பார்த்து, "சூப்பர்ணா, சப்பாத்தி மாதிரி வளையுது" என்று சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த முறை குழு ஏலகிரிக்குக் கிளம்பியபோது அவரும் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார், தன் ஷூ மலை ஏறுவதைப் பார்க்க.

ஏலகிரி ரோட்டில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு பெயர்ப் பலகை இருக்கிறது. பழைய புலவர்கள், வள்ளல்கள் பெயர்கள். வள்ளல் பெயர் வைத்த வளைவுகளுக்கு ஈவு இரக்கமே கிடையாது என்பது என் அனுபவம். மாட்டு மணி ஆட்டும் கூட்டம் எங்களுக்கு இல்லை. கைப்பிடிச் சுவரில் வரிசையாகக் குரங்குகள் உட்கார்ந்து பார்க்கும். அவற்றுக்கு எங்கள்மேல் ஒன்றும் மரியாதை இல்லை. முதுகுப்பக்கப் பையில் நாங்கள் வைத்திருக்கும் வாழைப்பழத்தின்மேல்தான் கண்.

முதல் சில வளைவுகள் ராஜபோகமாக இருந்தன. ஏற்றம் கூடக் கூட என்னவோ சரியில்லை என்று தெரிந்தது. நான் அழுத்துகிறேன், சைக்கிள் நகரவில்லை. அழுத்துகிற பலமெல்லாம் பாதத்தின் நடுவில் போய் மடிந்தது. உள்ளங்கால் பெடலைச் சுற்றிக்கொண்டு குழைந்தது. கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். பாதிக்கு மேல் தாண்டிவிட்டேன், போன தடவை கால் வைத்த வளைவையும் தாண்டிவிட்டேன். அதற்குப் பிறகு முடியவில்லை. வண்டி நின்றுவிட்டது.

சரி, தட்டைத் தூக்க வேண்டியதுதான் என்று இடது குதிகாலைத் திருப்பினேன். குதிகால் திரும்பியது. ஷூவின் பின்பாதி திரும்பியது. அடியில் இருந்த கிளீட் மட்டும் அசையவில்லை. அவ்வளவு மெத்தென்ற ஷூ, பின்னால் திருகினால் முன்னால் தெரியவே இல்லை. கால் பெடலோடு பூட்டிக்கிடக்க, சைக்கிளோடு சேர்ந்து அப்படியே இடப்பக்கமாகச் சாய்ந்து, ரோட்டோரப் புல்லில் படுத்துவிட்டேன். சுவரிலிருந்த குரங்கு ஒன்று எட்டிப் பார்த்தது.

அவர் ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். என் காலைப் பெடலிலிருந்து கழற்ற ஷூவின் பட்டையையே அவிழ்க்க வேண்டியிருந்தது. முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. நானே பார்த்துச் சொல்லிவிட்டேன். மீதி மலையை எப்படியோ ஏறி முடித்தேன்.

மேலே டீக்கடையில் பெரிய விவாதமே நடந்தது. கெமிஸ்ட்தான் ஆரம்பித்தார். "சிஸ்டர் கால வெக்கலயே சார். தோள்பட்டயதான் வெச்சாங்க. ரூல்ல தோள்பட்ட இல்ல." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தட்டை எடுக்கப் போனால், மேலாளர் மறித்துவிட்டார். "அடிபட்ருக்கு சிஸ்டர். நீங்க உக்காருங்க. நான் எடுத்துட்டு வர்றேன்." மறுபடியும் அதே சலுகை. மறுபடியும் அதே இறங்காத டீ.

என் கணவர் எங்கள் யாரோடும் சேரவில்லை. ஓரமாகக் குந்திக்கொண்டு என் ஷூவைக் கையில் வைத்திருந்தார். பக்கத்தில் போனேன்.

"வளையுது" என்றார்.

"ஆமா."

"பின்னாடி வரும்போதே பாத்தேன். நீ மிதிக்க மிதிக்க அது மடங்குது. உன் பலத்த எல்லாம் ஷூவே தின்னுட்ச்சி."

"அந்த வெளிநாட்டு ஷூ பலக மாதிரி இருந்துச்சே, அது எதுக்குன்னு தோணலயா உங்களுக்கு?"

"மட்டமான சரக்குன்னு நெனச்சேன்" என்றார். "இத்தினி வருஷத்துல வளையாத ஷூவ நான் வெளிய அனுப்புனதே இல்லம்மா."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு ஃபேக்டரியே கைமாற்றிக் கைமாற்றி வளைத்துப் பார்த்து, சூப்பர் சொல்லி, என்னைப் புல்லில் தள்ளியிருக்கிறது. நான் சிரித்ததைப் பார்த்து அவரும் கொஞ்சம் சிரித்தார். ஆனால் முகம் வாடித்தான் இருந்தது. அதைப் பார்த்தபோது சிராய்ப்பைவிட அதுதான் எனக்கு வலித்தது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி ஏறி உட்காரச் சொன்னார். பின் சக்கரத்தைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி முட்டுக் கொடுத்தார். "மிதி" என்றார். நான் மிதிக்க, அவர் தரையில் ஒருக்களித்துப் படுத்து என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மா மதில்மேல் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்கள்.

"உன் காலு நடக்கல" என்றார் கீழேயிருந்து.

"சைக்கிள்ல எப்படிங்க நடக்கும்?"

"அதான் சொல்றேன். நடக்குற காலுக்குத்தான் ஷூ வளையணும். இது மிதிச்சிகினே இருக்குது. நான் நடக்குற ஷூவ பண்ணிட்டேன்."

பிறகு வந்த வாரங்களில் வீட்டுக்கு லேட்டாகத்தான் வந்தார். ஆணி ஏறாமல் இருக்க சேஃப்டி ஷூவில் ஒரு இரும்புத் தகடு வைப்பார்கள். அந்த மாதிரித் தகடு இரண்டு எடுத்து, நடுவில் அழுத்தமான அட்டையை வைத்து ஒட்டி, அடிப்பாகத்துக்குள் வைத்தாராம். மேலே அதே கருநீலத் தோல், என் விரல்களுக்கு அதே தாராளமான இடம். ஒரு நாள் ஜோடியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். வலது ஷூவின் குதிகால் பக்கம் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது.

ஃபேக்டரியில் செக்கிங் செய்கிற பெண்கள், ஷூவில் எங்கே குறை இருக்கிறதோ அந்த இடத்தைக் காட்டி ஒட்டுகிற ஸ்டிக்கர் அது. அம்பு ஒட்டிய ஷூ வெளியே போகாது. இது அடிப்பாகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"நம்ம செக்கர் பொண்ணு கைல எடுத்தா, வளைச்சா, வளையல. ஒட்டிட்டா" என்றார். "இது இப்படித்தான் இருக்கணும்னு எவ்ளோவோ சொன்னேன். ஒத்துக்கல. 'அண்ணா, நீங்க பண்ண ஷூவுக்கு அம்பு ஒட்ட எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா வளையாத ஷூவுக்கு ஓகே போட மாட்டேன்'ங்கிறா. அவள நான்தான் அப்படி பழக்குனேன்."

ஸ்டிக்கரைப் பிய்க்க நகத்தை வைத்தார். நான் கையைப் பிடித்துவிட்டேன். மேலே போய்ச் சேர்ந்த பிறகு பிய்க்கலாம் என்றேன்.

மூன்றாம் முறை போனபோது மலைமேல் லேசாக மேகம் இறங்கியிருந்தது. அவர் இந்தத் தடவையும் ஸ்கூட்டரில் வந்தார். முந்தினமுறை மாதிரி பெருமையாக அல்ல, பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பிய மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளியே வந்தார். முதல் வளைவில் அழுத்தியதுமே தெரிந்துவிட்டது. மிதித்தால் சைக்கிள் போகிறது. வேறென்ன வேண்டும்? ஷூ கனம்தான், இரண்டு காலிலும் இரும்பைக் கட்டித் தூக்குகிறேன். ஆனால் மடங்கவில்லை. விரல் மரக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த கெமிஸ்ட் கூப்பிட்டுக் கேட்டார்.

"இன்னா சிஸ்டர், ஷூல செவப்பா அம்பு?"

"ரிஜக்ட் பீஸு சார்" என்றேன். அதற்குமேல் பேச மூச்சு இல்லை.

கால் வைத்த வளைவு போனது. புல்லில் படுத்த வளைவும் போனது. அதைத் தாண்டும்போது பின்னால் ஸ்கூட்டர் ஹாரன் ஒருமுறை அடித்தது. எனக்கென்று யாரும் மாட்டு மணி ஆட்டியதில்லை, அதுவே போதுமாக இருந்தது. தொடை எரிந்தது, கண்ணில் வியர்வை இறங்கியது. ஜெபம் செய்தேனா திட்டினேனா என்று இப்போது ஞாபகம் இல்லை, இரண்டும் செய்திருப்பேன்.

கடைசிக்கு முந்தின வளைவில் எனக்குக் கொஞ்சம் முன்னால் மேலாளர் போய்க்கொண்டிருந்தார். எப்போதும் கால் வைக்காதவர், குழுவிலேயே பலசாலி. சுவரிலிருந்து ஒரு குரங்கு அவர் முதுகில் பாய்ந்து, வாழைப்பழத்தை உருவிக்கொண்டு, அவர் ஹெல்மெட்டையே படியாக மிதித்து மறுபடி சுவருக்குப் போய்விட்டது. அவர் அலறி, தடுமாறி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றுவிட்டார். அடி எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். நிற்காமல் அவரைத் தாண்டிப் போனேன்.

கடைசி வளைவு முடிந்ததும் ரோடு சமமாகிவிடும். சைக்கிளைக் கீழே கிடத்திவிட்டுக் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. வியர்வையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டேன். அவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் குனிந்து வலது ஷூவைக் கழற்றி, இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பார்த்தார். வளையவில்லை. நிமிர்ந்து சிரித்தார் பாருங்கள், கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை.

மேலாளர் வந்து சேர்ந்ததும் எல்லாரும் அவருக்காகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். குரங்கு பாய்ந்தால் யார்தான் கால் வைக்க மாட்டார்கள், அது கணக்கில் வராது, விட்டுவிடலாம் என்று கெமிஸ்ட் தீர்ப்பே சொல்லிவிட்டார். மேலாளரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்றால் முடிந்தது.

இந்த மன்னிப்பு எப்படி இருக்கும் என்று அந்த இடத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவரை விட்டுவிட்டால் அவரையும் ஒரு சிஸ்டர் ஆக்கிவிட்டதாகிவிடும். அவ்வளவு நல்ல மனிதருக்கு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

"சார்" என்றேன். "எனக்கு ஒரு டீ. சர்க்கர கம்மி."

மேலாளர் சிரித்தார், எழுந்தார், கடைக்குப் போய்த் தட்டோடு வந்தார். வரிசையாக எல்லாருக்கும் கொடுக்காமல் நேராக என்னிடம் வந்து, முதல் கிளாஸை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டேன்.

என் கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார். நீங்கள் எதற்கு என்பதுபோல் மேலாளர் பார்த்தார்.

"நானும் அடிவாரத்துலேர்ந்து கால் வெக்காமதான் சார் வந்தேன்" என்றார் அவர், ஸ்கூட்டரைக் காட்டி.

டீயில் சர்க்கரை ஜாஸ்தியாகவே இருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.